உப்புக் குறைந்த தண்ணீர்

பெற்றவர்கள் அவளுக்கு முறையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் அடையாள அட்டையிலும் இருந்ததோடு சரி. நாலு வயதிலேயே வீட்டில் அவளுக்கு 'சீச்சி' என்று பேராகிவிட்டது. பால் மேல் படிந்த ஆடையைப் பார்த்தால் சீ. சோப்பில் ஒட்டிய முடியைப் பார்த்தால் சீ. அண்ணன் தண்ணீர் குடித்து வைத்த டம்ளரில் உதட்டு ஈரம் தெரிந்தால் சீச்சீ. கல்யாணமாகிப் போன இடத்திலும் அந்தப் பேர் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வேலைக்குச் சேர்ந்தபோது அங்கேயும் எப்படியோ தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்டவள் டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் போட்டு விழப் போறா பாரு" என்றாள் பெரியம்மா. ஆனால் ரத்தம் அவளை ஒன்றும் செய்யவில்லை. குழாய்க்குள் ஓடும் ரத்தம் சுத்தமானது என்றே அவளுக்குப் பட்டது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தரையில் சொட்டி, யாரும் துடைக்காமல் காய்ந்து, ஓரத்தில் கறுத்துக் கிடக்கும் ரத்தம்தான் அவளுக்குக் குமட்டலைத் தரும். இந்த வித்தியாசத்தை அவளால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை.

படிப்பில் ஒரு நாள் மைக்ராஸ்கோப் வகுப்பு. கண்ணாடித் துண்டில் தன் விரல் ரத்தத்தையே ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சிவப்பணுக்கள் நடுவில் குழி விழுந்த வட்டத் தட்டுகளாக மிதந்தன. உள்ளே உட்கரு கிடையாது, சாமான் சட்டி எதுவும் கிடையாது. ஒரு மெல்லிய சவ்வு, அதற்குள் சிவப்பு நிறம், உப்புகள், தண்ணீர், அவ்வளவுதான். அடுத்து அந்தச் சொட்டின் ஓரத்தில் வெறும் தண்ணீரை விடச் சொன்னார்கள். விட்டாள். தட்டுகள் ஒவ்வொன்றாக உப்பின. குழி நிரம்பியது. உருண்டையாயின. பிறகு பட்டென்று காணாமல் போயின. சத்தமில்லை, ஒன்றுமில்லை. கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் லேசான சிவப்புச் சாயம் மட்டுமே மிஞ்சியது.

"வெளியில உப்பு கம்மி, உள்ள உப்பு ஜாஸ்தி. தண்ணி எப்பவும் உப்பு ஜாஸ்தியா இருக்கிற பக்கம் பாயும்" என்றார் வாத்தியார். "செடியோட செல்லா இருந்தா சவ்வுக்கு வெளியே கெட்டியா ஒரு சுவர் இருக்கும், தாக்குப் பிடிக்கும். நம்ம செல்லுக்குச் சுவர் கிடையாது. வீங்கி வெடிச்சிரும்."

இன்னொரு துண்டில் கெட்டியான உப்புத் தண்ணீரை விட்டார்கள். இந்தத் தடவை தண்ணீர் உள்ளேயிருந்து வெளியே ஓடியது. தட்டுகள் சுருங்கி, முள் முளைத்து, வற்றிப் போயின. சீச்சி வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். தன் விரலில் இருந்து வந்த உயிர்களைத் தானே தண்ணீர் ஊற்றிக் கொன்றது மாதிரி இருந்தது. அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பார்த்தது மட்டும் அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

படித்து முடித்து இரண்டு ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டு, முப்பத்தைந்தாவது வயதில் அவள் அந்த டயாலிசிஸ் சென்டருக்கு வந்தாள். வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அதுதான் அவளை இழுத்தது. மெத்தைக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. எட்டு நாற்காலி, எட்டு மெஷின். முன்னறையில் பளபளவென்று டைல்ஸ், கண்ணாடிக் கதவு, பிளாஸ்டிக் பூச்செடி. அதைத் தாண்டிப் பின்பக்கம் போனால்தான் சங்கதி தெரியும். தண்ணீரைச் சுத்தம் செய்கிற அறையின் மூலைகளில் பாசி. கழிவுக் குழாய் இணைப்பில் கசிவு. அதன் கீழே வைத்த கிண்ணத்தில் மஞ்சளாக எதுவோ தேங்கி, அதன்மேல் கொசு. பேஷண்ட்கள் கைகழுவும் தொட்டியில் யாரோ துப்பிய சளி மதியம் வரை அப்படியே கிடக்கும்.

இத்தனைக்கும் மேலே மேனேஜர் செண்ட் அடிப்பார். தன் மேலும் அடிப்பார், அறையிலும் அடிப்பார். அழுகல் வாசனையும் செண்ட் வாசனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தால்தான் தெரியும். அவருக்குச் 'செண்ட்டு' என்றே பேர். பேஷண்ட் கார்டின் முனையால் பல் குத்துவார். குத்தியதை ஒரு தடவை பார்த்துவிட்டு அதே கார்டை மற்ற கார்டுகளின் கட்டுக்குள் சொருகுவார். பேசும்போது மட்டும் தேன் ஒழுகும். "நாம எல்லாம் ஒரு குடும்பம்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சீச்சிக்குத் தோள்பட்டை கூசும்.

எல்லாவற்றையும்விட அந்த நீல டிரம்.

டயாலிசிஸ் மெஷின் வெறும் தண்ணீரில் ஓடாது. ரத்தத்தில் எவ்வளவு உப்பு இருக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு உப்புள்ள கரைசல் வேண்டும். அதற்கான சோடாத் தூளைத் தினமும் சுத்தமான டிரம்மில் புதிதாகக் கரைத்து, சாயங்காலம் மிச்சத்தைக் கொட்டி, டிரம்மை மருந்து போட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். செண்ட்டு கொட்ட விடமாட்டார். "நல்லா இருக்கிறதை எதுக்கும்மா சாக்கடையில ஊத்தறீங்க? மேல கொஞ்சம் தூள் போட்டு நிரப்பிக்குங்க" என்பார். சேர்ந்த முதல் வாரம் கரண்டி உள்ளே விழுந்துவிட்டது என்று சீச்சி கையுறையோடு கையை விட்டாள். டிரம்மின் உட்பக்கம் வழவழ என்று இருந்தது. வாய்க்குள் கன்னத்தை விரலால் தடவினால் இருக்குமே, அப்படி. கையை எடுத்தபோது கையுறையில் மூக்குச்சளி மாதிரி ஒரு படலம் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அதில் ஒரு கரப்பான்பூச்சிக் கால். அவள் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

அன்று அவளே உட்கார்ந்து டிரம்மைத் தேய்த்துக் கழுவினாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் கழுவினாள். மூன்றாவது மாதம் வாரத்துக்கொரு தடவையாயிற்று. பிறகு எப்போதாவது. ஏழெட்டு மாதத்தில் அந்த டிரம் பக்கம் பார்க்காமலேயே தூளைப் போட்டு, குச்சியால் கலக்கிவிட்டு வரப் பழகிக்கொண்டாள். சில பேஷண்ட்களுக்கு மெஷினில் இருக்கும்போதே குளிர் எடுத்து உடம்பு உதறும். போர்வை போர்த்திவிடுவாள். எதனால் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

இத்தனைக்கு நடுவில் அந்த இடத்தில் அவளுக்குப் பிடித்த ஒரே ஆள் கண்டக்டர். பஸ்ஸில் முப்பது வருடம் விசில் ஊதிவிட்டு ரிட்டயர் ஆனவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று காலை, ஏழு மணிக்கு, சவரம் செய்த முகத்தோடு வந்து நிற்பார்.

ஒரு நாள் அவர் தன் பில்டரைக் காட்டிக் கேட்டார். ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழாய் மாதிரி இருக்கும் அது. உள்ளே ஆயிரக்கணக்கில் முடி போன்ற நுண்குழாய்கள்.

"இதுக்குள்ள என்னதான்மா நடக்குது? ரத்தம் போகுது, ரத்தம் வருது. நடுவுல என்ன மாயம்?"

"மாயமெல்லாம் இல்ல ஐயா. இந்த முடி ஒவ்வொண்ணுக்கும் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. உள்ள உங்க ரத்தம், வெளியே கரைசல். ரத்தத்துல கழிவு நெருக்கியடிச்சிட்டு இருக்கு, கரைசல்ல அது கொஞ்சமும் இல்ல. அதனால தானா இந்தப் பக்கம் வந்துரும். ரத்த அணு பெருசு, ஓட்டையில நுழையாது."

கண்டக்டர் யோசித்தார். "முன்படிக்கட்டுல அம்பது பேர் நசுங்கிட்டு நிப்பான், பின்னாடி காலியா இருக்கும். நான் கத்தாமலே தானா பின்னாடி நகர்ந்தா எப்படி இருக்கும்? அப்படியா?"

"அப்படியேதான்."

"என் சர்வீஸ்ல ஒரு நாளும் அப்படி நகர்ந்தது கிடையாது" என்றார் அவர்.

சீச்சி சிரித்துவிட்டாள். "உடம்புல இருக்கிற செல்லுல எல்லாம் தானா நகராது ஐயா. கூட்டத்துக்கு எதிராத் தள்ளறதும் இருக்கு. செல்லோட சவ்வுல சின்னச் சின்ன பம்ப் மாதிரி இருக்கும். மூணு சோடியத்தை வெளியே தள்ளிட்டு ரெண்டு பொட்டாசியத்தை உள்ள இழுத்துக்கும். ராப்பகலா இதே வேலை. அதனாலதான் பொட்டாசியம் பூராவும் செல்லுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கு."

"மூணு பேரை இறக்கிட்டு ரெண்டு பேரை ஏத்தறானா? டிப்போல அவனை நிக்க வச்சுக் கேள்வி கேட்டிருப்பான்" என்றார் கண்டக்டர். பக்கத்து நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர் கூட எழுந்து சிரித்தார்.

ஆறாம் நம்பர் மெஷின் கொஞ்ச நாளாகவே கத்திக்கொண்டிருந்தது. கரைசலை இழுத்துத் தண்ணீரோடு கலக்கும் பம்ப் அதில் தேய்ந்து போயிருந்தது. சில நேரம் குறைவாக இழுக்கும். அப்போது உப்பு குறையும். உப்பு குறைந்தால் மெஷின் அலறி, கரைசலைப் பில்டருக்குள் போகவிடாமல் தானே திருப்பிவிடும். அலறுவதுதான் அதன் வேலை. செண்ட்டுக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. முன்னறையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பயப்படுகிறார்களாம்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்தார். ஒரு ஸ்குரூ டிரைவரோடு கால் மணி நேரம் பின்பக்கம் குனிந்திருந்துவிட்டு எழுந்தார். அப்புறம் சத்தம் இல்லை.

"பம்ப்பை மாத்திட்டீங்களா?" என்று சீச்சி கேட்டாள்.

"பம்ப்பா? பம்ப் ஏது அக்கா? சத்தம் வராமப் பண்ணச் சொன்னாரு. பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் காதில் அது தெளிவாகத்தான் விழுந்தது.

மெஷின் காட்டுகிற உப்பளவை நம்பக் கூடாது, ஒவ்வொரு பேஷண்ட்டை ஏற்றுவதற்கு முன்னாலும் கையடக்க மீட்டரால் தனியே சோதித்து எழுத வேண்டும் என்பது விதி. சென்டரில் மீட்டர் ஒன்றே ஒன்று. நாலு மாதத்துக்கு முன் அதில் பேட்டரி தீர்ந்தது. சாதாரண பேட்டரி இல்லை, வரவழைக்க வேண்டும். இரண்டு தடவை கேட்டாள். "சொல்லியிருக்கேன்மா" என்று செண்ட்டு மீட்டரை வாங்கித் தன் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாதே. உப்பளவு 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும்; மெஷின் திரையில் 14 என்று இருந்தால் கட்டத்திலும் 14 என்று எழுதினாள். முதல் நாள் எழுதும்போது பேனா தயங்கியது. ஒரு வாரம் போனதும் தயங்கவில்லை.

திங்கட்கிழமை காலை கண்டக்டருக்கு ஆறாம் நம்பர் நாற்காலி. திரையில் 14.0. அவள் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், அவரை ஏற்றினாள்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அவர் வழக்கமாகப் பேப்பர் படிப்பார். அன்று பேப்பரை மடியில் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா?"

"தலையை வலிக்குதும்மா. முதுகை யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு. நெஞ்சுல ஏதோ உக்காந்திருக்கு."

முகம் வெளுத்து வியர்த்திருந்தது. ரத்த அழுத்தத்தைப் பார்க்க அவள் குனிந்தபோது கண் குழாயின் மேல் விழுந்தது. பில்டரிலிருந்து அவர் கைக்குத் திரும்பிப் போகும் ரத்தக் குழாய். ரத்தம் எப்போதும் மங்கலாக, கனமாக, பின்னால் வைத்த விரல் தெரியாத மாதிரி இருக்கும். இது தெளிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதற்குள் புகுந்து வந்தது. சிவப்பு மைத் தண்ணீர் மாதிரி இருந்தது. குழாய்க்குப் பின்னால் தன் விரல் நகத்தை அவளால் பார்க்க முடிந்தது.

பார்த்த கணத்திலேயே புரிந்துவிட்டது. உள்ளே ரத்த அணுக்கள் வெடித்துக்கொண்டிருக்கின்றன. கரைசலில் உப்பு போதவில்லை. ரத்தத்தின் உப்பு அந்தப் பக்கம் இறங்கி ரத்தநீர் நீர்த்துப் போக, தண்ணீர் ஒவ்வொரு அணுவுக்குள்ளும் பாய்ந்து உப்ப வைத்து உடைக்கிறது.

ரத்தத்தை ஓட்டும் பம்ப்பை நிறுத்தினாள். இரண்டு குழாய்களையும் கிளாம்ப் போட்டு அடைத்தாள். "டாக்டருக்குப் போன் போடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்று கண்ணாடி போட்ட நர்ஸிடம் கத்திவிட்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்தாள்.

சத்தம் கேட்டுச் செண்ட்டு வந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டே வந்தார்.

"என்னம்மா கலாட்டா? முன்னாடி ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"ஐயாவுக்கு ரத்த அணு வெடிச்சிருக்கு சார். ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"சரி சரி, முதல்ல அந்த ரத்தத்தை உள்ள திருப்பி விடு. அவருக்கே ரத்தம் கம்மி. குழாயில கிடக்கிறதை வீணாக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா நம்மளைத்தான் கேப்பான்."

"விட மாட்டேன்."

"என்ன?"

"விட மாட்டேன்னு சொன்னேன். அணுவுக்குள்ள அடைஞ்சு கிடந்த பொட்டாசியம் பூராவும் வெளியே கொட்டியிருக்கு. அதை உள்ள விட்டா இதயம் நின்னுரும்."

செண்ட்டு கிளாம்ப்பை நோக்கிக் கையை நீட்டினார். விரல்களில் எண்ணெய் மினுங்கியது. அவர் அருகில் வந்ததும் செண்ட் வாசனை முகத்தில் அறைந்தது. சீச்சிக்கு அந்த நேரத்தில் பயம் வரவில்லை, கோபம்கூட வரவில்லை. ஓங்கரிப்புதான் வந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அந்தக் கையைத் தன் முழங்கையால் தட்டிவிட்டாள்.

"தொட்டீங்கன்னா நடக்கிறதே வேற சார். தள்ளி நில்லுங்க."

இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் குழாயிலிருந்து ஒரு டெஸ்ட் டியூபில் ரத்தம் எடுத்துத் தாங்கியில் நிறுத்தியிருந்தாள். அணுக்கள் அடியில் படிய, மேலே தெளியும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இங்கே அடியில் கொஞ்சம்தான் படிந்தது. மேலே நின்றது முழுக்கச் சிவப்பு. அந்த டியூபையும், மெஷினில் பிடித்த கரைசலை ஒரு பாட்டிலிலும் ஸ்ட்ரெச்சரோடு அனுப்பினாள். கண்டக்டர் மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் ஆறாம் நம்பர் திரையில் இன்னமும் 14.0 என்று நின்றுகொண்டிருந்தது.

மதியத்துக்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பாட்டிலில் இருந்த கரைசலின் உப்பளவு பத்துக்கும் கீழே. கண்டக்டர் தீவிர சிகிச்சையில்; ரத்தம் ஏற்றுகிறார்கள்; இன்னும் சொல்ல முடியாது.

சாயங்காலம் செண்ட்டு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தி, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மேஜையில் டைப் செய்த ஒரு தாள். பேஷண்ட் வீட்டில் கண்டதைச் சாப்பிட்டுவிட்டு, வேண்டாத மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு வந்ததால் ஏற்பட்ட கோளாறு என்றும், கரைசல் விதிப்படி சோதிக்கப்பட்டு 14.0 என்று பதிவாகியிருந்தது என்றும் அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"ஒரு கையெழுத்து போடும்மா. நாம எல்லாம் ஒரு குடும்பம். உன்னை நான் விட்டுக் கொடுப்பேனா?"

அவள் தாளைத் தொடாமல் படித்தாள். "மீட்டர் உங்க டிராயர்ல செத்துக் கிடக்கு சார். எதை வச்சுச் சோதிச்சேன்?"

செண்ட்டு சிரித்தார். பதிவேட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். நாலு மாதப் பக்கங்களை மெதுவாகப் புரட்டினார். "இது யார் எழுத்தும்மா? உன் எழுத்துதானே? தினமும் மீட்டர்ல பார்த்தேன்னு நீதானே எழுதியிருக்க? நான் எழுதலையே. நாளைக்கு யாராச்சும் கேட்டா முதல்ல யாரைக் கேப்பாங்க?"

14.0. 14.0. 13.9. நம்பும்படி இருக்க நடுநடுவே 13.9 என்றும் எழுதியிருந்தாள். அது யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகச் செய்தது. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாள் இந்த ஆளைப் பார்த்து முகம் சுளித்தோமே, இந்த 13.9 எந்தச் சாக்கடையிலிருந்து வந்தது? டிரம்மின் வழவழப்பைத் தன் நாக்கிலேயே தடவின மாதிரி இருந்தது. எழுந்து வெளியே வந்துவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

வீட்டில் கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறையிலிருந்து வந்த கணவன், குளியலறை வாசலில் நின்று பார்த்தான்.

"தோல் உரிஞ்சிரும். என்ன ஆச்சு சொல்லு."

சொன்னாள். அவன் குழாயை மூடினான்.

"அவன் சொல்ற தாள்ல கையெழுத்துப் போடாத. அது சரி. ஆனா நீயா போயி நாலு மாசம் பொய்யா எழுதினேன்னு ஏன் சொல்லணும்? உன் தலையில நீயே ஏன் மண்ணை அள்ளிப் போட்டுக்கற? மெக்கானிக் பண்ணினான், மேனேஜர் பண்ணச் சொன்னான். அதோட நிறுத்து."

"அதோட நிறுத்தினா என் கையெழுத்து சுத்தமாயிருமா?"

"சுத்தம் சுத்தம்னு... வேலை போயிரும்டி."

"போகட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினப்போ எனக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை. அப்புறம் கண்ணாடியில என் மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்கலை. இதோட எத்தனை நாள் இருக்கறது?"

அவன் பெருமூச்சு விட்டான். பெயிண்ட் ஒட்டிய கையால் அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தான். டம்ளர் விளிம்பில் நீலக் கறை இருந்தது. அவள் அதைத் துடைக்காமலே குடித்தாள்.

மறுநாள் சுகாதார அலுவலகத்துக்கு அவளே நேரில் போனாள். நாலு பக்கம் எழுதியிருந்தாள். டிரம், மெக்கானிக் சொன்ன வார்த்தை, டிராயரில் கிடக்கும் மீட்டர், திருப்பி விடச் சொன்ன ரத்தம் எல்லாம் அதில் இருந்தன. கடைசிப் பக்கம் தன்னைப் பற்றி. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சோதிக்காமல் எழுதினாள், 13.9 என்று ஏன் எழுதினாள் என்பது வரை ஒளிக்கவில்லை. அலுவலக அம்மாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கடைசிப் பக்கம் உங்களையே கடிக்கும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

அன்று மதியமே சோதனை நடந்தது. கையுறை போட்ட ஒரு அதிகாரி டிரம்முக்குள் கையை விட்டு எடுத்ததும், இன்னொருவர் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினார் என்று கண்ணாடி நர்ஸ் போனில் சொன்னாள். ஆறாம் நம்பரின் பின்பக்கம் திறக்கப்பட்டது. அளவு காட்டும் பகுதியைத் திருகி, எது வந்தாலும் 14-ஐ ஒட்டியே காட்டும்படி வைத்திருந்தார்கள். சென்டருக்குப் பூட்டுப் போட்டார்கள். செண்ட்டின் லைசென்ஸ் போனது, அவர் மேலும் மெக்கானிக் மேலும் வழக்கு. சீச்சிக்கு ஆறு மாதம் இந்தத் தொழில் செய்யத் தடை. உத்தரவில் ஒரே வரிதான்: தெரிந்தே பொய்யான பதிவு.

ஐந்தாம் நாள் கண்டக்டர் வார்டுக்கு மாற்றப்பட்டார் என்று தெரிந்ததும் போனாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கன்னம் ஒட்டிப்போய், கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருந்தது. அவர் மகள் எழுந்து வெளியே போனாள். போகும்போது அந்தப் பெண் பார்த்த பார்வையிலேயே இவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சீச்சிக்குப் புரிந்தது.

"நீ நிறுத்தலைன்னா போயிருப்பேன்னு டாக்டர் சொன்னாரு" என்றார் அவர், திரும்பாமலே.

அவள் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள்.

"நீ சரியாப் பார்த்திருந்தா ஏத்தியே இருக்க மாட்டன்னும் சொன்னாரு."

"ஆமா ஐயா."

"மெஷின் சொன்னதை நம்பிட்டேன்னு சொல்லு."

"நம்பலை ஐயா. மெக்கானிக் சொன்னது காதுல விழுந்துச்சு. தெரிஞ்சும் ஏத்தினேன்."

அவர் இப்போது திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார். "டிக்கெட் கிழிக்காம கிழிச்ச மாதிரிக் காட்டின பயல்களை நான் என் சர்வீஸ்ல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். அவனுங்க மேல எனக்குக் கோபம் வராது. அசிங்கமா இருக்கும். இப்ப உன்னைப் பார்த்தா அப்படி இருக்கு. போயிரும்மா."

அவள் போய்விட்டாள். படியிறங்கும்போது அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. நியாயமாகப் பேசியிருக்கிறார் என்று தோன்றியது; அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க ரொம்பக் கனமாக இருந்தது.

ஆறு மாதம் கணவனின் பட்டறையில் உப்புத்தாள் வைத்து வண்டிக் கதவுகளைத் தேய்த்தாள். தூசி மூக்கில் ஏறியது, விரல் நுனிகள் மரத்துப்போயின. ஏழாம் மாதம் பெரிய பொது ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். நேர்காணலில் தடை உத்தரவை அவளே எடுத்து மேஜையில் வைத்தாள். தலைமை டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இங்க மீட்டர் மூணு இருக்கு. ஒண்ணு உங்க பையிலயே இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம்.

அங்கே சேர்ந்த ஐந்தாவது வாரம், காலை ஷிப்டில் மூன்றாம் நாற்காலிக்குக் கண்டக்டர் வந்தார். பழைய சென்டர் மூடியதிலிருந்து அவருக்கும் இதுதான் இடம். இத்தனை நாள் மதிய ஷிப்டில் இருந்திருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று அவள் கேட்டாள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்.

அவள் கரைசலைக் கப்பில் பிடித்து, மீட்டரை அவர் கண்முன்னால் வைத்தாள். எண் நிலைக்கும் வரை இருவரும் பார்த்தார்கள். 13.8. பதிவேட்டில் எழுதினாள். அவர் பதிவேட்டை வாங்கிக் கண்ணருகில் வைத்து, எழுதியதையும் மீட்டரையும் இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். கரைசல் கப்பை மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"தினமும் இப்படிப் பார்ப்பேன்" என்றார்.

"பாருங்க ஐயா."

"மன்னிச்சிட்டேன்னெல்லாம் நினைச்சுக்காத."

"நினைக்கலை."

கண்டக்டர் கையை நீட்டி வாகாக வைத்துக்கொண்டார். "ஊசியை மட்டும் நீயே போடு. அந்த மத்தியான ஆளு குத்தினா ரெண்டு நாளைக்கு வலிக்குது."